இடைவெளியின் அறம்: அழிந்த காட்சிப் படைப்புகளைச் செயற்கை நுண்ணறிவால் மறு ஆக்கம் செய்தல் குறித்த சிந்தனை

முன்னுரை

அழிந்த நூல்களின் வரலாறு தமிழ் ஆய்வுலகிற்குப் புதியதன்று. கறையானுக்கும் நெருப்பிற்கும் வெள்ளத்திற்கும் இரையான சுவடிகள் எத்தனை என்று எண்ணிச் சொல்ல இயலாது. பெயரளவில் எஞ்சிய நூல்களும், உரையாசிரியர் காட்டிய மேற்கோள்களால் மட்டுமே அறியப்படும் நூல்களும் பல. மயிலை சீனி. வேங்கடசாமி அவற்றைத் தொகுத்து 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்னும் பெயரில் ஒரு நூலே எழுத நேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய திரைப்படமும் தொலைக்காட்சியும் இவ்விழப்பிற்கு விலக்காகவில்லை. ஏட்டுச் சுவடி முந்நூறு ஆண்டுகள் தாங்கிய இடத்தில், படச்சுருளும் ஒளிநாடாவும் முப்பது ஆண்டுகள்கூடத் தாங்காமல் போயின.

இவ்வாறு அழிந்த தொலைக்காட்சித் தொடர்ப் பகுதிகளையும் திரைக்காட்சிகளையும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளின் துணையால் மீண்டும் உருவாக்கும் முயற்சிகள் அண்மைக் காலத்தில் பெருகி வருகின்றன. இவற்றில் ஈடுபடுவோருள் பெரும்பாலோர் நிறுவனத்தார் அல்லர். அப்படைப்புகளின் மீது ஆராக் காதல் கொண்ட ரசிகர்கள். இழந்ததை அன்பினால் மீண்டும் படைப்பது அறமா? இல்லாததை இருந்ததாகக் காட்டுவது பிழையா? இவ்வினாக்களைத் தமிழ்ப் பதிப்பு மரபின் ஒளியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அழிவின் இயல்பு

காட்சிப் படைப்புகளின் அழிவு இருவகைப்படும். ஒன்று தற்செயலாக நேர்ந்தது. மற்றொன்று மனிதர் தெரிந்தே செய்தது. 1931 அக்டோபர் 31 அன்று வெளியான முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. எச். எம். ரெட்டி இயக்க, டி. பி. ராஜலட்சுமி நடித்த அப்படம் சில நிழற்படங்களிலும் அச்சுச் செய்திகளிலும் மட்டுமே எஞ்சியுள்ளது. அதற்கு முன்னர் ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த மௌனப்படமான 'கீசக வத'மும் அழிந்தது. அவ்வாண்டே வெளியான முதல் இந்தியப் பேசும் படமான 'ஆலம் ஆரா'விற்கும் இதே நிலைதான். நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் தன்மையது. நாளடைவில் தானே சிதையவும் கூடியது. 2003ஆம் ஆண்டு சனவரியில் புனேயில் நேர்ந்த தீ விபத்தில் பழைய நைட்ரேட் சுருள்கள் பல எரிந்து போயின.

இரண்டாம் வகை அழிவு தொலைக்காட்சிக்கு உரியது. ஒளிநாடா விலை மிக்கதாக இருந்த காலத்தில், ஒளிபரப்பி முடிந்த நிகழ்ச்சியை அழித்துவிட்டு அதே நாடாவில் வேறொன்றைப் பதிவது உலகெங்கும் வழக்கமாக இருந்தது. பிரித்தானிய ஒலிபரப்புக் கழகம் 1963இல் தொடங்கிய 'டாக்டர் ஹூ' என்னும் தொடரின் முற்பகுதிகளை 1967 முதல் 1978 வரை இவ்வாறு அழித்தது. முதல் ஆறு ஆண்டுகளில் ஒளிபரப்பான 253 பகுதிகளுள் ஏறத்தாழ நூறு பகுதிகள் காட்சி வடிவில் கிடைக்காமல் போயின. இந்தியாவிலும் தொலைக்காட்சியின் தொடக்க காலத்து நிகழ்ச்சிகள் பல நேரடியாக ஒளிபரப்பானமையால் பதிவாகவே இல்லை. 1975 ஆகஸ்டு 15இல் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தின் தொடக்க கால நாடகங்களைக் கண்டவர்களின் நினைவே அவற்றுள் பலவற்றிற்கு இன்று ஆவணமாக விளங்குகிறது.

இங்கு ஒரு செய்தி சிந்திக்கத்தக்கது. 'டாக்டர் ஹூ' தொடரின் காட்சிகள் அழிந்தபோதிலும், காணாமற்போன பகுதிகள் அனைத்தின் ஒலியும் எஞ்சியுள்ளது. தொலைக்காட்சிப் பெட்டியின் முன் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிந்துகொண்ட இளம் ரசிகர்களே அதற்குக் காரணர். காக்க வேண்டிய நிறுவனம் அழித்தது. கேட்டு மகிழ வந்தவர்கள் காத்தனர். ஆதலின் ரசிகரின் ஈடுபாட்டை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. அழிந்ததன் மீது பேசும் தகுதி அவர்களுக்கு உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொண்டே மேற்செல்ல வேண்டும்.

நால்வகைச் செயல்கள்

மறு ஆக்கம் என்னும் ஒரே சொல்லால் வெவ்வேறு செயல்கள் குறிக்கப்படுவதால் இவ்விவாதத்தில் குழப்பம் மிகுகிறது. அவற்றை நான்காகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது மீட்டல். இருந்த பொருளே மீண்டும் கைக்கு வருதல் இது. 2013இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரத்துத் தொலைக்காட்சி நிலையமொன்றில் 'டாக்டர் ஹூ' தொடரின் காணாமற்போன பகுதிகளுள் ஒன்பது கண்டெடுக்கப்பட்டமை இதற்குச் சான்று. தென்னிந்திய மௌனப்படங்களுள் 'மார்த்தாண்ட வர்மா' எஞ்சியதும் இவ்வகையினதே. பதிப்புரிமை வழக்கினால் முடங்கிக் கிடந்த அதன் படச்சுருள் 1974இல் புனேத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை அடைந்தது.

இரண்டாவது செப்பம் செய்தல். உள்ளதன் மீது படிந்த மாசினை நீக்குதல் இது. 2023இல் வெளியான பீட்டில்ஸ் குழுவின் 'நவ் அண்ட் தென்' என்னும் பாடலில், ஜான் லெனன் வீட்டில் பதிந்து வைத்த பழைய ஒலிநாடாவிலிருந்து அவர் குரலைப் பியானோ ஒலியினின்றும் பிரித்தெடுக்கக் கணினிக் கற்றல் முறை பயன்பட்டது. அங்குக் குரல் புதிதாக ஆக்கப்படவில்லை; இருந்த குரல் பிரிக்கப்பட்டது.

மூன்றாவது ஊகித்து நிரப்புதல். சான்றுகளைத் துணைக்கொண்டு இல்லாத பகுதியை ஆக்குதல் இது. எஞ்சிய ஒலியோடு அசைவோவியம் இணைத்து 2016இல் 'டாக்டர் ஹூ' தொடரின் 'தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்' கதை வெளியிடப்பட்டமை இதன்பாற்படும். 1942இல் ஆர்சன் வெல்ஸ் 131 நிமிடப் படமாக உருவாக்கிய 'தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்' படத்தை நிறுவனத்தார் 88 நிமிடங்களாகக் குறைத்தனர். நீக்கிய 43 நிமிடங்களும் அழிந்தன. அப்பகுதியைச் செயற்கை நுண்ணறிவின் துணையால் மறு ஆக்கம் செய்யும் திட்டம் 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. வெல்சின் உரிமைகளைப் பேணுவோர் தம்மைக் கலந்து கொள்ளவில்லை என்று வருந்தினர்.

நான்காவது புதிது புனைதல். அழிந்ததன் பெயரையோ கதையையோ கொண்டு வேறொரு படைப்பை ஆக்குதல் இது. வளையாபதிக் காப்பியம் அழிந்து எழுபது அளவிலான பாடல்களே எஞ்சிய நிலையில், மாடர்ன் தியேட்டர்ஸ் 1952இல் பாரதிதாசனின் எழுத்தில் 'வளையாபதி' என்னும் திரைப்படத்தை வெளியிட்டது. அதனைக் காப்பியத்தின் மீட்சி என்று எவரும் மயங்கவில்லை. அது தன் காலத்தின் பெயரோடும் தன் ஆசிரியரின் பெயரோடும் வந்தது.

முதல் இரண்டிலும் நான்காவதிலும் அறச்சிக்கல் பெரிதும் இல்லை. மூன்றாவதே சிக்கலுக்குரியது. அது மீட்டல் போலத் தோன்றிப் புனைதலாக இருப்பது.

பதிப்பு மரபு தரும் அளவுகோல்

இச்சிக்கலைத் தமிழ்ப் பதிப்பாசிரியர் நூறாண்டுகளுக்கு முன்னரே எதிர்கொண்டனர். உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. 1903இல் ஐங்குறுநூற்றைப் பதிப்பித்தபோது 129, 130ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. 1904இல் வெளிவந்த பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. சங்கச் செய்யுளின் நடையும் சொல்லும் துறையும் அவர் அளவிற்கு அறிந்தவர் அந்நாளில் அரியர். சிதைந்த அடிகளை நிரப்பும் ஆற்றல் அவருக்கு இல்லாமற் போகவில்லை. ஆயினும் அவர் புள்ளியிட்டு விட்டார். அப்புள்ளிகள் இன்று தமிழ் மாணவர்க்கு ஒரு பாடமாக விளங்குகின்றன: அறிந்தது இவ்வளவு, அறியாதது இவ்வளவு என்று எல்லை காட்டுவதும் அறிவின் பகுதியே.

இதற்கு மாறான வரலாறும் உண்டு. பதினெண்கீழ்க்கணக்கின் பதினெட்டாம் நூல் எது என்னும் ஐயம் நெடுநாள் நிலவியது. அவ்விடத்திற்குரியதாக 'இன்னிலை' என்னும் நூல் முன்வைக்கப்பட்டது. வ. உ. சிதம்பரம் பிள்ளை அதனை நல்லெண்ணத்தோடு உரையெழுதி 1917இல் வெளியிட்டார். பின்னர் எஸ். வையாபுரிப் பிள்ளை முதலிய ஆய்வாளர் அது பிற்காலத்தார் புனைந்தது என்று முடிவு செய்தனர். 'கைந்நிலை'யே கீழ்க்கணக்கு நூல் என்னும் கருத்து நிலைபெற்றது. இங்குக் கருதத்தக்கது யாதெனில், கைந்நிலையின் அறுபது வெண்பாக்களுள் பல சிதைந்து கிடைத்தன. இன்னிலையோ சிதைவின்றிக் கிடைத்தது. சிதைந்தது உண்மையாகவும் முழுமையானது போலியாகவும் முடிந்தன. முழுமை என்பது உண்மைக்குச் சான்றாகாது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுத் தமிழில் இல்லை எனலாம்.

செயற்கை நுண்ணறிவு தரும் மறு ஆக்கமும் எப்போதும் முழுமையாகவே இருக்கும். அது இயங்கும் முறை அத்தகையது. பல்லாயிரம் படங்களையும் ஒலிகளையும் பயின்று, ஒரு காட்சிக்கு அடுத்து வரத்தக்கது எது என்பதை நிகழ்தகவின் அடிப்படையில் அது ஆக்குகிறது. அதற்குத் தயக்கம் இல்லை, புள்ளியிடத் தெரியாது. கேட்ட இடமெல்லாம் நிரப்பித் தரும்.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. மூலபாடத் திறனாய்வில், இரு பாடங்கள் மாறுபடும்போது அரிய பாடத்தையே பெரும்பாலும் மூலமாகக் கொள்ளுதல் ஒரு நெறி. படியெடுப்போர் அரிய சொல்லை எளிய சொல்லாக மாற்றுவரேயன்றி எளியதை அரியதாக மாற்றுதல் அருகியே நிகழும் என்பது அதன் காரணம். நிகழ்தகவினால் இயங்கும் கருவியோ இயல்பாகவே எளிய பாடத்தை நாடுவது. எங்கும் காணப்படுவதையே அது இங்கும் காட்டும். சிறந்த கலைஞன் ஒருவன் எவரும் எதிர்பாராத இடத்தில் நிறுத்திய மௌனத்தையோ, நடிகை ஒருத்தி மரபிற்கு மாறாகத் திருப்பிய முகத்தையோ அது ஊகிக்க இயலாது. அழிந்த படைப்பில் எது தனிச்சிறப்பாக இருந்ததோ அதுவே மறு ஆக்கத்தில் முதலில் விடுபடும். அக்காலத்துப் படங்கள் பொதுவாக எவ்வாறு இருந்தனவோ அதன் சராசரியே மறு ஆக்கமாக எஞ்சும்.

மைசூர் தரும் இரு சான்றுகள்

இவ்வாய்விற்குத் துணையாகும் இரு சான்றுகள் மைசூர் நகரிலிருந்து கிடைக்கின்றன.

ஒன்று இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு. உதகையில் இயங்கிய அப்பிரிவு 1966இல் மைசூருக்கு மாற்றப்பட்டது. பல்லாயிரம் தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் நெடுங்காலம் அங்கு வைத்துக் காக்கப்பட்டன. அவற்றைத் தமிழகத்திற்குக் கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கை எழுந்ததும், 2021இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதுபற்றி ஆணை பிறப்பித்ததும் தமிழ் ஆய்வாளர் அறிந்தவை. திருப்பணியின்போதும் பிற காரணங்களாலும் அழிந்த கல்வெட்டுகள் பலவற்றிற்கு அம்மைப்படிகளே எஞ்சிய சான்று.

மைப்படி என்பது கல்லின் மீது தாளை ஒற்றி எடுப்பது. கல்லில் எழுத்துள்ள இடம் தாளில் பதிகிறது; கல் பொரிந்த இடம் பொரிந்தவாறே பதிகிறது. பொருளோடு நேரே தொட்ட உறவு அதற்கு உண்டு. நிழற்படத்திற்கும் ஒளிநாடாவிற்கும் இத்தகைய உறவு உண்டு என்பதையே, நிழற்படம் 'இது இருந்தது' என்று சான்று பகர்வது எனப் பிரெஞ்சு அறிஞர் ரோலாண் பார்த் 1980இல் விளக்கினார். செயற்கை நுண்ணறிவு ஆக்கிய காட்சிக்கு அழிந்த காட்சியோடு இவ்வுறவு இல்லை. அது கல்லைத் தொடாத தாள். கல்வெட்டின் செய்தியை அது ஓரளவு ஊகிக்கலாம். சான்று பகர இயலாது.

எனினும் கல்வெட்டறிஞர் ஊகத்தை அறவே ஒதுக்கவில்லை என்பதும் நினைக்கத்தக்கது. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் ஐயத்திற்குரிய எழுத்தைப் பகர அடைப்பிற்குள் இடுவர். பதிப்பாசிரியர் தாமே நிரப்பிய எழுத்திற்கு உடுக்குறி இடுவர். நிரப்ப இயலாத இடத்தில் புள்ளியிடுவர். இம்முறையின் நுட்பம் குறி எங்கு இடப்படுகிறது என்பதில் உள்ளது. 'இத்தொகுதியில் சில எழுத்துகள் நிரப்பப்பட்டுள்ளன' என்று முன்னுரையில் எழுதிவிட்டு அவர்கள் அமையவில்லை. வரியின் உள்ளேயே, அந்தந்த எழுத்தின் மருங்கிலேயே குறி நிற்கிறது. வரியை எடுத்து எங்குக் காட்டினாலும் குறியும் உடன் செல்லும்.

இரண்டாம் சான்று ஹுன்சூர் சாலையில் இருந்த பிரீமியர் ஸ்டுடியோ. 'திப்பு சுல்தானின் வாள்' என்னும் தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பு அங்கு நடைபெற்றபோது, 1989 பிப்ரவரி 8 அன்று தீப்பற்றி அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தொடரை இயக்கி நடித்த சஞ்சய் கான் கடுந்தீக்காயமுற்றுப் பல மாதங்கள் மருத்துவமனையில் கிடந்தார். பின்னர்த் தொடர் முடிக்கப்பட்டுத் தூர்தர்ஷனில் ஒளிபரப்பானது. எரிந்த அரங்கம் போன்ற வேறோர் அரங்கம் அமைக்க இயன்றது. எடுக்க இருந்த காட்சியை வேறிடத்தில் எடுக்க இயன்றது. இறந்த தொழிலாளரையும் துணை நடிகரையும் மீட்க இயலவில்லை.

இந்நிகழ்ச்சி காட்சிப் படைப்பின் இயல்பு ஒன்றைப் புலப்படுத்துகிறது. திரையில் தோன்றும் ஒவ்வொரு நொடியும் ஓர் இடத்தில், ஒரு பொழுதில், மெய்யான உடல்கள் உழைத்து நிகழ்த்தியது. விளக்குப் பிடித்தவர், சுவர் எழுப்பியவர், கூட்டத்தில் ஒருவராக நின்றவர் ஆகியோரின் உழைப்பு அதில் படிந்துள்ளது. சில வேளைகளில் அதன் விலை உயிராகவும் இருந்துள்ளது. மறு ஆக்கம் செய்த காட்சியில் எவரும் நிற்கவில்லை, எவரும் வியர்க்கவில்லை. உருவம் ஒத்திருப்பினும் செயல் ஒத்திருப்பதில்லை. நிகழ்த்தப்பட்டதற்கும் நிகழ்ந்ததுபோல் தோற்றுவதற்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குப் புலனாகாமற் போகலாம். அதனால் அவ்வேறுபாடு இல்லையாகிவிடாது.

இறந்தோரின் குரலும் உருவமும்

அழிந்த காட்சியை மறு ஆக்கம் செய்வோர் பெரும்பாலும் இறந்துபோன கலைஞரின் முகத்தையும் குரலையும் ஆள நேர்கிறது. தமிழ்த் திரையுலகில் இதற்கான முன்னிகழ்வுகள் உள்ளன. 2024இல் வெளியான 'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா' பாடலில், மறைந்த பாடகர்களான பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ. ஆர். ரஹ்மான் செயற்கை நுண்ணறிவின் வழி பயன்படுத்தினார். அவர்தம் குடும்பத்தாரின் இசைவு பெற்று ஊதியமும் வழங்கியதாக அறிவித்தார். அதே ஆண்டில் 'கோட்' படத்தில் விஜயகாந்தின் உருவமும் பவதாரிணியின் குரலும் இவ்வாறு இடம்பெற்றன. தெலுங்குப் படமொன்றில் எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் குரலைத் தங்கள் இசைவின்றி ஆக்கியதாக அவர் குடும்பத்தார் 2024இல் சட்ட அறிவிக்கை அனுப்பினர்.

இவ்வேறுபாடு இசைவு என்னும் கருத்தை முன்னிறுத்துகிறது. ஆயின் குடும்பத்தாரின் இசைவு எதுவரை செல்லும்? குரலால் வரும் பொருளுக்கு அவர்கள் உரியவர் ஆகலாம். அக்கலைஞர் எதைப் பாட ஒப்பியிருப்பார், எதை மறுத்திருப்பார் என்னும் முடிவிற்கு அவர்கள் முழு உரிமையுடையரோ என்பது எளிதில் விடை காண இயலாத வினா. கலைஞனின் ஆளுமை அவன் ஏற்றவற்றால் மட்டுமன்றி மறுத்தவற்றாலும் ஆனது. இறந்தவன் மறுக்க மாட்டான் என்பதே அவனிடம் எதையும் ஏற்றிவிடத் துணிவு தருகிறது. மறுக்கும் வாய்ப்பில்லாதவரிடம் கூடுதல் அச்சத்தோடு நடந்துகொள்ளுதலே அறம் எனப்படும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இக்கருத்தை ஓரளவு ஏற்கிறது. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பின்னரும் தன் படைப்பு தன் பெயருக்கு இழுக்காகச் சிதைக்கப்படுவதைத் தடுக்கும் உரிமையைப் படைப்பாளருக்கு அளிக்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் நிகழ்த்துகலைஞர்க்கும் அத்தகைய உரிமையை வழங்கியது.

உடைமையும் படைப்பும்

2025 ஆகஸ்டு 1 அன்று நிகழ்ந்தது இதனை மேலும் கூர்மையாக்கியது. 2013இல் வெளியான 'ராஞ்சணா' என்னும் இந்திப்படத்தின் தமிழ் வடிவமான 'அம்பிகாபதி', இறுதிக் காட்சி செயற்கை நுண்ணறிவால் மாற்றப்பட்டு மீண்டும் வெளியிடப்பட்டது. மூலத்தில் இறந்துபடும் தலைவன் புதிய வடிவில் உயிர் பிழைக்கிறான். இயக்குநர் ஆனந்த் எல். ராய் இதனைக் கடுமையாக எதிர்த்தார். நடிகர் தனுஷ் இது படத்தின் உயிரையே பறித்துவிட்டது என்னும் கருத்துப்பட வருந்தினார். உரிமை பெற்ற நிறுவனம் தனக்கு அவ்வுரிமை உண்டு என வாதிட்டது.

அம்பிகாபதி என்னும் பெயரே காதலால் உயிர் நீத்த கம்பர் மகனின் கதையை நினைவூட்டுவது. அப்பெயர் தாங்கிய படத்திற்கு இன்ப முடிவு ஒட்டப்பட்டமை தமிழ் அறிந்தார்க்கு வேறொரு முரணாகவும் தோன்றும். இங்கு அழிந்த எதுவும் மீட்கப்படவில்லை. இருந்த ஒன்று மாற்றப்பட்டது. எனினும் இது மறு ஆக்கத்தோடு தொடர்புடையது. மூலம் கையில் இருக்கும்போதே அதனை மாற்றத் துணிபவர் உள்ள உலகில், மூலம் இல்லாத படைப்பின் மறு ஆக்கத்தை மறுப்பதற்கு யாரும் இல்லை. தனுசும் ராயும் வாழ்கின்றனர், பேசினர். 'காளிதாஸ்' படத்தினர் பேச வாரார். ஒப்பிட்டுக் காட்ட மூலமும் வாராது.

இழப்பும் ஒரு சான்று

அழிவு சில வேளைகளில் குற்றத்தின் விளைவாகவும் இருப்பதுண்டு. 1981ஆம் ஆண்டு மே இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. பின்னர் நூலகக் கட்டடத்தைப் புதுப்பிக்கும் முயற்சி எழுந்தபோது, எரிந்த சுவர்களை நினைவுச் சின்னமாக விட்டுவைக்க வேண்டும் என்ற கருத்தும் தமிழரிடையே எழுந்தது. நூலகம் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை; எரித்த செய்தி மறையலாகாது என்பதே அக்கருத்தினரின் கவலை. எரிந்த சுவடிகளின் நடையைப் பயின்று அவை போன்ற நூல்களைக் கணினி ஆக்கித் தருமாயின், அவற்றை அந்நூலக அடுக்கில் வைக்கத் தமிழர் எவரும் உடன்படார். இழந்தது திரும்பியது என்னும் பொய், இழக்கச் செய்தவரின் பொறுப்பைக் குறைத்துவிடும்.

தொலைக்காட்சித் தொடரின் அழிவை நூலக எரிப்போடு ஒப்பிடுதல் மிகை எனலாம். அளவில் அது உண்மை. இயல்பில் ஒற்றுமை உண்டு. நாடாவை அழித்த நிறுவனத்தின் அலட்சியமும் வரலாற்றின் ஒரு பகுதியே. காணாமற்போன பகுதி காணாமற்போனதாகவே தெரிந்தால்தான் எஞ்சியவற்றைக் காக்கும் பொறுப்பு உறைக்கும்.

இடைவெளி தேடலையும் தூண்டுகிறது. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் நெடுங்காலம் பிற நூல்களின் மேற்கோள்களால் மட்டுமே அறியப்பட்டிருந்தது. தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் மைசூர்க் கீழைத்தேய நூலகத்திற்கு அளித்த சுவடியிலிருந்து ஆர். சாமசாத்திரி அதனை 1905இல் கண்டறிந்து 1909இல் பதிப்பித்தார். அதற்கு முன்னரே மேற்கோள்களைக் கொண்டு ஊகித்து எழுதிய 'முழு' அர்த்தசாத்திரம் ஒன்று வழக்கில் இருந்திருந்தால், அச்சுவடி ஐயத்தோடு நோக்கப்பட்டிருக்கக்கூடும். வெற்றிடம் இருந்தமையாலேயே அது பொருந்திய இடம் உடனே புலப்பட்டது.

மறுப்பும் விடையும்

இக்கருத்திற்கு இரு மறுப்புகள் எழலாம். முதலாவது, இந்திய மரபில் மறு ஆக்கம் புதியதன்று என்பது. வான்மீகி கதையைக் கம்பர் தம் போக்கில் பாடினார். கூத்தும் கதாகாலட்சேபமும் ஒவ்வோர் இரவும் கதையைப் புதிதாக்கின. இது உண்மையே. ஆயின் கம்பர் தம் நூலை வான்மீகியின் காணாமற்போன ஏடு என்று தரவில்லை. மரபு ஏற்றது மறுபாடலை. பிறர் பெயரில் பாடிச் சேர்ப்பதை இடைச்செருகல் என்றே அது குறித்தது. கம்பராமாயணத்தில் புகுந்த பாடல்களை 'வெள்ளி பாடல்' என்று சுட்டும் வழக்கும், அவற்றை மிகைப்பாடல்கள் எனப் பிரித்துத் தந்த பதிப்புகளும் இதனை உறுதிப்படுத்தும். அப்பாடல்கள் எரிக்கப்படவில்லை என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. அவற்றுள் நல்ல பாடல்களும் உண்டு. அவை தமக்குரிய இடத்தில் வைக்கப்பட்டன.

இரண்டாவது மறுப்பு, 'இது மறு ஆக்கம்' என்று அறிவித்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்பது. அறிவிப்புத் தேவைதான், போதாது. கணினி வழிப் பரவும் காட்சித்துண்டு தன் தலைப்பையும் முன்னறிவிப்பையும் விட்டுப் பிரிந்தே பயணம் செய்கிறது. பத்து ஆண்டுகளில் காட்சி மட்டும் எஞ்சும், அறிவிப்பு எஞ்சாது. ஆதலின் குறி காட்சியின் உள்ளேயே இருத்தல் வேண்டும். இத்தாலிய அறிஞர் செசாரே பிராந்தி ஓவியச் சீரமைப்பிற்கு வகுத்த முறை இங்குத் துணையாகும். அழிந்த பகுதியை மெல்லிய கோடுகளால் நிரப்புவர். தொலைவில் நின்று நோக்கின் ஓவியம் ஒருமையுடன் தோன்றும். அணுகி நோக்கின் நிரப்பிய இடம் தனியே தெரியும். 1964ஆம் ஆண்டு வெனிசு சாசனமும், ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நிற்க வேண்டும் என்றும், சேர்த்த பகுதி மூலத்தினின்றும் வேறாக அறியப்பட வேண்டும் என்றும் நெறி வகுத்தது. 'டாக்டர் ஹூ' தொடரின் அசைவோவிய வடிவம் குறைவாகவே கண்டிக்கப்பட்டதற்குக் காரணமும் இதுவே. அது தன்னை ஓவியம் என்று ஒவ்வொரு நொடியும் காட்டிக்கொள்கிறது. காண்பவன் நடிகரின் மெய்க்குரலைக் கேட்கிறான். காட்சி ஊகம் என்பதையும் மறவாதிருக்கிறான்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. அழிந்த படைப்பை மறு ஆக்கம் செய்ய விழைதல் தன்னளவில் பிழையன்று. அது அன்பின் வெளிப்பாடு. நிறுவனங்கள் கைவிட்டதை ரசிகர்கள் காத்த வரலாறு அவ்விழைவிற்கு மதிப்பளிக்கிறது.

2. மறு ஆக்கம் மீட்டல் ஆகாது. அதற்கு மூலத்தோடு மைப்படிக்குள்ள தொடர்பு இல்லை. நிகழ்தகவினால் ஆனமையின், மூலத்தின் தனிச்சிறப்பை அது இழந்தே தீரும்.

3. இறந்தோரின் உருவத்தையும் குரலையும் ஆளுமிடத்து உறவினரின் இசைவு இன்றியமையாதது. எனினும் அவ்விசைவு மட்டுமே அறத்தின் முழு அளவாகாது.

4. நிரப்பிய இடம் நிரப்பியதாகவே தெரிய வேண்டும். அக்குறி, கல்வெட்டுப் பதிப்பின் உடுக்குறி போலக் காட்சியின் உள்ளேயே அமைதல் வேண்டும்.

5. மறு ஆக்கத்தில் செலவிடும் முயற்சியினும், இன்று எஞ்சியுள்ள படச்சுருள்களையும் ஒளிநாடாக்களையும் வீடுகளில் கிடக்கும் ஒலிப்பதிவுகளையும் தேடிக் காக்கும் முயற்சி முந்துதல் வேண்டும். பிறிதொரு நாள் கண்டெடுக்கப்படும் ஒரு சுருள், ஆக்கித் தந்த நூறு பகுதிகளினும் மேலானது.

புறநானூற்றின் 267ஆம் பாடலை இன்று ஒரு கருவி நொடிப்பொழுதில் ஆக்கித் தரும். அது துறை பொருந்தியும் நடை பொருந்தியும் அமையலாம். பெயரில்லாப் புலவர் ஒருவர் ஏதோ ஒரு பொழுதில் மெய்யாகவே கண்டு பாடியதன் இடத்தில் அது நிற்கும். அந்த இடம் ஒழிந்து கிடத்தலே அப்புலவர்க்குத் தமிழ் செய்யும் மரியாதை.